மேனேஜரின் இடது கண்

வீட்டின் கடைக்குட்டித் தங்கை ரயில் ஓட்டும் பயிற்சிக்கு ஊரை விட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. புறப்படும்போது கழுத்துப் பட்டை, தண்ணீர்க் கிண்ணம், ஊசி போட்ட அட்டை, கடைசியில் நாய் என்று ஒவ்வொன்றாக அண்ணியின் கையில்தான் ஒப்படைத்தாள். அண்ணன் பக்கத்திலேயே நின்றார். அவர் பக்கம் திரும்பி, "கேட்டை மட்டும் சாத்தி வைங்கண்ணா" என்றாள். அதோடு சரி.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருபது வருஷக் கதை இருக்கிறது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தெருவிலிருந்து ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கி வந்து வளர்த்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது குட்டியைக் காணோம். "நான்தான் அனுப்பிட்டேன். நம்ம வீட்டுக்கு நாயெல்லாம் சரிப்படாது" என்றார் அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு அப்பாவாக இருந்தவர் அவர்தான். ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு பேசினாள், சிரித்தாள், எல்லாம் நடந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று திரும்பி வரவே இல்லை.

அப்படிப்பட்டவள் தன் நாயை இந்த வீட்டில் விட்டுப் போனதே பெரிய விஷயம். அதை அண்ணி உணர்ந்திருந்தாள். அண்ணனும் உணர்ந்திருந்தார். ஆனால் அவர் வாயைத் திறக்கிற ஆளா என்ன?

நாய்க்கு இந்தப் பழங்கதை எதுவும் தெரியாது. வந்த மூன்றாம் நாளே வீட்டின் முன்பக்கம் அண்ணன் நடத்தும் மூக்குக்கண்ணாடிக்கடை வாசலில் இருந்த கால்மிதியைச் சொந்தமாக்கிக்கொண்டது. உள்ளே வருகிறவர்களின் செருப்பை மோந்து பார்க்கும். திருப்தி என்றால் வாலை ஒரு ஆட்டு ஆட்டி உள்ளே விடும். ஒரு வாடிக்கையாளர் விளையாட்டாக, "மேனேஜர் இருக்காரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கடைக்குட்டி வைத்த பெயரைக் கூப்பிட்டால் இப்போது அது காதைக்கூட அசைப்பதில்லை.

அந்த மேனேஜர்தான் செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வரவில்லை.

அண்ணி தேடிப் போனாள். பின்னறையில், அவள் லென்ஸ் தீட்டும் சாணை மேஜைக்கு அடியில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. "என்ன சார், லீவா?" என்று குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது கண் பாதிக்கு மேல் மூடியிருந்தது. கண்ணைச் சுற்றி ரோமம் நனைந்து ஒட்டியிருந்தது. ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்னங்காலைத் தூக்கிக் கண்ணைத் தேய்க்கப் போனது. அவள் சட்டென்று காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இங்க வாங்களேன்."

ஊரில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடும் அவள் கணவர் வந்து நிலைப்படியிலேயே நின்றார். மேனேஜரை அவர் தொட்டு இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"கண்ணு இப்படிச் செவந்திருக்கே. நேத்தே இருந்துச்சா?"

"நேத்து சாயங்காலம் லேசா சிமிட்டிக்கிட்டிருந்துச்சு."

"பார்த்தீங்களா? சொல்லவே இல்லையே. நீங்க ஏதாவது போட்டீங்களா?"

"நான் எதுக்கு அதுகிட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

அண்ணிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இரண்டு நாளாகத் தலையை நிமிர்த்தவில்லை அவள். தையல் ஆலைக்காரர்களுக்கு நாற்பது கண்ணாடி ஒரே நேரத்தில் வேண்டும் என்று ஆர்டர் வந்திருந்தது. ஒவ்வொரு லென்ஸையும் ஃப்ரேமுக்குத் தகுந்தபடி ஓரம் சீவிப் பொருத்துவது அவள் வேலை. சாணை சுற்றிக்கொண்டே இருந்தது. மேனேஜர் அவள் காலடியிலேயே படுத்துக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழைப் பிசகைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுக்குப் பெயர். காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

கண் வலி என்றால் தெருவில் எல்லோரும் டாக்டர்தான். கடைக்கு வந்த முதல் ஆள், ஆறிய டீத்தண்ணியில் கழுவச் சொன்னார். இரண்டாவது ஆள் உப்புத் தண்ணீர் என்றார். மூன்றாவது ஆள் தன் பையிலிருந்தே ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார். அவருக்குப் போன வருஷம் கண் வலி வந்தபோது வாங்கியதாம். "வேண்டாம்ங்க. என்ன ஆச்சுன்னு தெரியாம எதையும் உள்ள விடக் கூடாது" என்று அண்ணி எல்லோரையும் அனுப்பிவைத்தாள். வெந்நீரை நன்றாக ஆறவைத்து, பஞ்சை நனைத்து, கண்ணுக்கு வெளியே ஒட்டியிருந்த பீளையை மட்டும் மெல்லத் துடைத்தாள். பஞ்சுக்காக ஃப்ரிட்ஜ் மேலிருந்த டப்பாவை எடுத்தபோதுதான், ஏதோ தோன்றி ஃப்ரிட்ஜ் கதவையும் திறந்து பார்த்தாள்.

கதவுத் தட்டில் ஒரு சின்னப் புட்டி இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் அவருக்குக் கண்ணில் புரை எடுத்தபோது கொடுத்த சொட்டு மருந்து. மிச்சத்தைத் தூக்கிப் போடச் சொல்லி அவள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அது அங்கே இல்லை.

அவள் கதவைச் சாத்தினாள். கேட்கவில்லை. கேட்டால் அவர் இன்னொரு தடவை இல்லை என்பார், அப்புறம் அந்த இல்லையிலிருந்து அவரால் இறங்க முடியாமல் போய்விடும். அவரை அவளுக்குத் தெரியும்.

"கடையைப் பூட்டுங்க. டாக்டர்கிட்டப் போகலாம்" என்றாள்.

"நானுமா?"

"நீங்களும்தான்."

*

விலங்கு மருத்துவமனையின் டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மேனேஜரை மேஜை மேல் ஏற்றச் சொல்வாள் என்று அண்ணி நினைத்தாள். டாக்டரம்மா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளங்கையை நீட்டி மோந்து பார்க்க விட்டாள். அது அவள் செருப்புப் பக்கம் மூக்கை நீட்ட, செருப்பைக் கழற்றி அதையும் நீட்டினாள். மேனேஜர் இரண்டையும் சோதித்துவிட்டு வாலை ஒரு ஆட்டு ஆட்டியது.

"பாஸ் பண்ணிட்டேனா?" என்று கேட்டபடியே கட்டைவிரலால் அதன் மேல் இமையைத் தூக்கிப் பார்த்தாள். அழுத்தவே இல்லை. கைவேலை செய்கிறவர்களுக்குக் கைவேலை தெரியும். இப்படி ஒரு விரல் தன் கடையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அண்ணிக்கு அந்தக் கவலையிலும் ஒரு பேராசை வந்து போனது.

"வீட்டுல கண்ணுக்கு ஏதாவது மருந்து போட்டீங்களா?"

"வெளியில துடைச்சேன், அவ்வளவுதான்" என்றாள் அண்ணி.

"வேற யாராவது?"

கண்ணாடிக்காரர் கதவோரம் நின்றிருந்தார், யார் வீட்டு நாய்க்கோ துணைக்கு வந்தவர் மாதிரி. அண்ணி அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் சொல்வது அவளுக்காகச் சொன்னதாகிவிடும். அவள் மேனேஜரின் காதை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லிடுங்க, சொல்லிடுங்க என்று மனசு கெஞ்சியது.

"போட்டேன்" என்றார் அவர்.

சட்டைப்பையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

"என்னோட மருந்து. புரை எடுத்தப்போ கொடுத்தது. நேத்து சாயங்காலம் ஒரு தடவை, கடை மூடினதும் ஒரு தடவை, இன்னிக்குக் காலையில ஒரு தடவை. மூணு சொட்டு. காலையில இவ கேட்டப்போ இல்லைன்னு சொல்லிட்டேன். இருபத்திரண்டு வருஷமா கண்ணாடிக்கடை வச்சிருக்கேன். கண்ணைப் பத்தி நமக்குத் தெரியாததான்னு நெனச்சேன். தெரியல."

கடையில் அவர் வாயிலிருந்து தெரியல என்ற சொல் வந்து அண்ணி கேட்டதே இல்லை. யாராவது கேட்டது தெரியாவிட்டாலும், "நாளைக்கு வாங்க" என்பார். அந்த மனுஷன், மகள் வயசுப் பெண்ணின் முன்னால், மருந்து வாசனை அடிக்கும் அறையில் நின்று தெரியல என்கிறார். அண்ணிக்குக் கண் கலங்கியது. இந்த ஆளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதில் அவளுக்கு இன்றைக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டரம்மா புட்டியைத் திருப்பி எழுத்துகளைப் படித்தாள். முகம் மாறியது.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. ஆபரேஷனுக்கப்புறம் வீக்கம் வத்தறதுக்கு உங்களுக்கு இது வேணும். ஆனா கருவிழியில கீறல் இருக்கிற கண்ணுல இதை விட்டா, ஆற விடாது. புண்ணு உள்ள இறங்கிக்கிட்டே போகும். சில நாய்க்குக் கண்ணே போயிருக்கு."

கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றாள் அவள், குரலைத் தணித்து. "பாதிப் பேர் சொல்லவே மாட்டாங்க. நான் வேற மாதிரி நெனச்சு வேற மருந்து எழுதியிருப்பேன். கீறல் இருக்கான்னு பார்த்துடலாம்."

ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த ஒரு மெல்லிய காகித நறுக்கை நனைத்து, கண்ணோரத்தில் தொட்டு எடுத்தாள். கொஞ்சம் கழுவிவிட்டு விளக்கை அணைத்தாள். நீல வெளிச்சம் காட்டும் கைவிளக்கைப் பிடித்தாள். மேனேஜரின் பழுப்புக் கண்ணில், கருவிழியின் கீழோரத்தில், கடுகளவில் ஒரு புள்ளி பச்சையாக மின்னியது.

"அதான் கீறல்" என்றாள் டாக்டரம்மா. "எதுவோ உள்ள இருந்து உரசியிருக்கு. பார்க்கலாம்."

கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு விட்டாள். நாய்க்குக் கண்ணின் உள்மூலையில் மூன்றாவதாக ஒரு இமை இருக்கிறது என்பது அண்ணிக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணாடிக்காரருக்கும் அன்றுதான். டாக்டரம்மா அந்த இமையைச் சின்ன இடுக்கியால் மெல்லத் தூக்கி, பின்னால் சுத்தமான உப்புநீரைப் பீய்ச்சினாள். மேனேஜர் அண்ணியின் மடியில் முகவாயை வைத்தபடி அசையாமல் இருந்தது. பீய்ச்சிய தண்ணீரோடு ஏதோ ஒன்று வெளியே வந்தது. அதை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். நகத்துணுக்கில் பாதிகூட இல்லை.

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் விரல் நுனியில் அதை ஒட்டியெடுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"தெருமண்ணுதான். வாசல்லயே படுத்துக் கிடக்குதில்ல, காத்துல வந்து விழுந்திருக்கும்."

அண்ணி நிமிர்ந்தாள். ஒரு லென்ஸைத் தடவிப் பார்த்தே அது என்ன சரக்கு, யார் சீவியது என்று சொல்லக்கூடியவர் அவர். மண்ணுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை.

"கையைத் திறங்க."

"இதுல என்ன இருக்கு."

"திறங்கங்க."

அவர் திறக்கவில்லை. அவளே அவர் கையை இழுத்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். விளக்கடியில் பார்த்தாள். கண்ணாடி போல் தெளிவாக ஒரு சில்லு. ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் சரிவாகச் சீவிய ஓரம். அந்தச் சரிவு அவள் கைப்பழக்கம். வேறு யாரும் அப்படிச் சீவ மாட்டார்கள்.

"இது என் சாணையிலேருந்து வந்தது, டாக்டரம்மா" என்றாள் அண்ணி. "லென்ஸ் சில்லு. சாணை மேல தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் தூளெல்லாம் பறக்காம அடங்கும். அந்தக் குழாய் ரெண்டு நாளா அடைச்சிருந்துச்சு. அவசர வேலை, அப்புறம் பார்த்துக்கலாம்னு தண்ணியில்லாமலே சீவினேன். என் கண்ணுக்குக் கவசம் போட்டுக்கிட்டேன். இது காலடியில படுத்திருந்துச்சு. இதுக்கும் ரெண்டு கண்ணு இருக்கேன்னு எனக்குத் தோணல."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். காலையிலிருந்து அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இப்படித் தப்பைப் பிடுங்கிக்கிட்டிருந்தா நான் யாருக்கு மருந்து எழுதறது?" என்றாள். மேனேஜருக்கே எழுதினாள்.

கிருமி வராமலிருக்க ஒரு சொட்டு மருந்து, வலிக்கு ஒன்று. ஒன்று போட்டு ஐந்து நிமிஷம் விட்டுத்தான் அடுத்தது. "முன்னாலேருந்து கையைக் கொண்டு போகாதீங்க, பயந்துக்கும். பின்னால உட்கார்ந்து, முகவாயைத் தூக்கி, மேலேருந்து விடுங்க. புட்டி நுனி கண்ணுல படக் கூடாது. கழுத்துல இந்த பிளாஸ்டிக் கூம்பு இருக்கட்டும், கால் கண்ணுக்கு எட்டாது. பாவமா இருக்கேன்னு கழட்டினீங்கன்னா ஒரே தேய்ப்புல எல்லாம் வீணாயிடும்."

"சரியாயிடுமா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. மறுபடி சாயம் வச்சுப் பார்க்கணும். அந்தப் பச்சைப் புள்ளி சின்னதாயிருந்தா கவலையில்ல. பெருசாயிருந்தா இங்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன்தான். நடுவுல கண்ணு மங்கலாத் தெரிஞ்சாலோ, வலி அதிகமானாலோ வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே வாங்க."

*

கூம்பு மாட்டிய மேனேஜர் மதியம் முழுக்க மேஜைக்கால், நாற்காலிக்கால், அண்ணியின் கால் எல்லாவற்றிலும் மோதிக்கொண்டு திரிந்தது. கால்மிதிக்குப் போய்ச் செருப்பை மோந்து பார்க்க முயன்றது. கூம்பு தடுத்தது. அதிகாரம் பறிபோன முகத்தோடு உட்கார்ந்துகொண்டது.

அண்ணி முதல் வேலையாகக் குழாயின் அடைப்பை எடுத்தாள். சாணை மேல் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, தரையை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தாள். பின்னறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையை நிறுத்தினாள். தையல் ஆலைக்குப் போன் பண்ணி, நாற்பது கண்ணாடியும் ஒரு நாள் தள்ளித்தான் வரும் என்றாள். அவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொள்ளட்டும்.

நான்கு மணி மருந்துக்கு அவள் எழுந்தபோது கண்ணாடிக்காரர் ஏற்கெனவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்தார். மேனேஜரைத் தன் இரண்டு காலுக்கும் நடுவே இழுத்துக்கொண்டார். முகவாயை மெல்லத் தூக்கி, கையை மேலே வைத்து, ஒரே ஒரு சொட்டு. சரியாக விழுந்தது. பழைய ஆள்தான், கை கச்சிதம். ஐந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். அந்த இடம் மேனேஜருக்குப் பிடித்த இடம். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அண்ணி கேட்கவில்லை. பத்தொன்பது நாளாக யாரும் பார்க்காத நேரத்தில் என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

ஆறு மணிக்குக் கடைக்குட்டியின் போன் வரும். தினமும் வீடியோவில் நாயைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. வழக்கமாக அண்ணிதான் எடுப்பாள். இன்று மணி அடித்ததும் கண்ணாடிக்காரர் கையை நீட்டினார்.

"நான் பேசறேன்."

கூம்பைப் பார்த்ததுமே கடைக்குட்டியின் முகம் வெளுத்துவிட்டது. அவர் சுற்றி வளைக்கவில்லை. மூன்று சொட்டையும் சொன்னார். காலையில் பொய் சொன்னதையும் சொன்னார். வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்பதையும் சொன்னார். சாணையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அண்ணி முகத்தை நீட்டி அதை அவளே சொன்னாள்.

கடைக்குட்டி திட்டப் போகிறாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். பின்னால் எங்கோ ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது.

"கண்ணுல மருந்து யாரு விடறது?" என்று கேட்டாள் கடைசியில்.

"நான்தான்."

"உங்ககிட்டக் காட்டுதா?"

"காட்டுது."

அவள் திரையில் நாயைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? மூணு சொட்டுக்கு இப்படி ஒடிஞ்சு உட்கார்ந்திருக்கீங்க. இந்த மனுஷன் அன்னிக்கு அந்தக் கறுப்புக் குட்டியை எப்படி வெளியே விரட்டினாருன்னு எனக்குப் புரியல. நான் அன்னிக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு ஓடினேன். கேட்டுல கொக்கியைப் போட்டேனான்னு இருபது வருஷமா யோசிச்சுப் பார்க்கறேன், ஞாபகமே வரல. குட்டியை நிஜமாவே நீங்கதான் அனுப்பினீங்களா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு. மருந்து போடற நேரமாச்சு, வை" என்றார் கண்ணாடிக்காரர்.

அடுத்த மருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு லீவு கேக்கறேன். நேர்ல வந்து கேக்கறேன்" என்றாள் கடைக்குட்டி.

அண்ணி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால் மேலிருந்த அவருடைய இடது கையைப் பார்த்தாள். அது மெல்ல, விரல் விரலாக மூடிக்கொண்டது. அந்த மூடலை அவளுக்குத் தெரியும். காலையில்தான், அவளுடைய தப்பை உள்ளே மறைத்து மூடியிருந்த அதை அவளே திறந்து பார்த்திருந்தாள்.